குழாய்த் தண்ணீரில் குளோரின்: மீன் தொட்டியில் ஊற்றும் முன் செய்ய வேண்டியவை

குடிநீர்க் குழாயின் கடைசி முனையிலும் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியக் குடிநீர்த் தரவிதி. தொற்று பரவும் காலத்தில் அதை 0.5 ஆக உயர்த்தச் சொல்கிறார்கள். மனிதர்களுக்கு இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் நன்னீர் உயிர்களுக்காக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1984-ல் வகுத்த வரம்பு, சிறிது நேரம் மட்டும் படுவதென்றால் 0.019 மி.கி., தொடர்ந்து படுவதென்றால் 0.011 மி.கி. விதிப்படி சரியாக வரும் குடிநீரிலேயே மீன் தாங்கும் அளவைப்போலப் பத்து மடங்கு குளோரின் இருக்கிறது. மழைக்காலத்திலும், மேல்நிலைத் தொட்டி கழுவிய மறுநாளும், லாரித் தண்ணீரிலும் இன்னும் கூடுதலாகவே இருக்கும்.

மூக்கை நம்பி முடிவெடுக்க வேண்டாம். குளோரின் வாடை நமக்குத் தெரியத் தொடங்கும் முன்பே மீனின் செவுள் வெந்துவிடும். பரிசோதனைக் கிட்டையும் முழுதாக நம்ப முடியாது. காரணம் கீழே வருகிறது. குளோரினை அகற்ற உறுதியான வழி கணக்குப் போட்டு மருந்து ஊற்றுவதுதான். அதுவும் தண்ணீர் மீனைத் தொடுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

செவுளில் நடப்பது என்ன

குளோரின் ஓர் ஆக்சிகரணி, அதாவது தொட்டதை ஆக்சிஜனேற்றம் செய்து அரிக்கும் பொருள். பாக்டீரியாவின் மேலுறையைச் சிதைப்பது போலவே செவுளின் மெல்லிய தோலையும் சிதைக்கும். செவுள் தன்னைக் காத்துக்கொள்ள வழவழப்பான சளியைச் சுரக்கும், இழைகள் வீங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் ஆக்சிஜன் நிறைய இருந்தாலும் மீனுக்கு மூச்சு முட்டும். உடலின் உப்புச் சமநிலையைக் காப்பதும் செவுளே என்பதால், உயிர் தப்பிய மீனும் அடுத்த சில நாட்களில் துவண்டுபோகும்.

பிஎச் குறைவாக இருந்தால் நஞ்சு கூடும். தண்ணீரில் குளோரின் இரண்டு வடிவங்களில் இருக்கிறது: ஹைப்போகுளோரஸ் அமிலம், ஹைப்போகுளோரைட் அயனி. பிஎச் 7.5 அளவில் இரண்டும் ஏறக்குறைய சமம். அதற்குக் கீழே அமிலத்தின் பங்கு ஏறும், அதுதான் கடுமையானது. மென்னீரில் வளரும் டெட்ரா, டிஸ்கஸ் போன்றவற்றை வைத்திருப்பவர்கள் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். ஃபைட்டர், கௌராமி மீன்கள் மேலே வந்து காற்றைச் சுவாசிப்பதால் மற்றவை செத்த பிறகும் தாக்குப்பிடிக்கும். அதைப் பார்த்துத் தண்ணீர் நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. அவற்றின் செவுளும் புண்ணாகியிருக்கும்.

முதலில் லிட்டர் கணக்கு

செவ்வகத் தொட்டிக்கு நீளம், அகலம், நீரின் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர் வரும். 90 × 45 × 40 என்றால் 162 லிட்டர். வட்டத் தொட்டிக்கு விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி, உயரத்தாலும் 785-ஆலும் பெருக்க வேண்டும். இங்கே அளவுகள் மீட்டரில் இருக்க வேண்டும். குளோரின் நீக்கும் கணக்கில் கல், மணலுக்காக எதையும் கழிக்காதீர்கள். மருந்து சற்றுக் கூடினால் ஒன்றும் ஆகாது, குறைந்தால் மீன் போகும்.

அடுத்து, தண்ணீரில் எவ்வளவு குளோரின் என்று பார்க்க வேண்டும். ஊராட்சித் தொட்டி ஆபரேட்டர்கள் கையில் வைத்திருக்கும் குளோரோஸ்கோப்பில் ஆர்த்தோடாலிடின் கரைசல் இருக்கும். குளோரின் இருந்தால் மஞ்சள் நிறம் காட்டும். அந்தக் கரைசல் தோலில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சோதித்த நீரை மீன் தொட்டியில் திரும்ப ஊற்றாதீர்கள். இளஞ்சிவப்பு நிறம் காட்டும் டிபிடி மாத்திரை இதைவிடப் பாதுகாப்பானது.

இரண்டிலும் ஒரே குறை. வீட்டில் வாங்கும் கிட்டால் 0.1 மி.கி.க்குக் கீழே கண்ணுக்குத் தெரியும் நிறத்தைக் காட்ட முடியாது. மீனின் வரம்போ 0.02-ஐக்கூடத் தொடவில்லை. நிறமே வரவில்லை என்றால் "குளோரின் 0.1-க்குக் கீழே இருக்கலாம்" என்று மட்டும்தான் பொருள். மறுபக்கமும் ஒரு பொறி உண்டு. குளோரின் மிக அதிகமாக இருந்தால் டிபிடியின் நிறத்தையே அது வெளுத்துவிடும். தெளிந்த தண்ணீரைப் பார்த்துப் பூஜ்யம் என்று குறித்துக்கொள்வார்கள். மாத்திரை போட்டதும் ஒரு கணம் சிவந்து மறைந்தால் சந்தேகப்படுங்கள். ஒரு பங்கு நீருக்கு ஒன்பது பங்கு காய்ச்சி வடித்த நீர் கலந்து மறுபடி சோதித்து, வரும் எண்ணைப் பத்தால் பெருக்குங்கள்.

கிட் கையில் இல்லாவிட்டால் குழாய்த் தண்ணீருக்கு லிட்டருக்கு 2 மி.கி. என்று தாராளமாகவே வைத்துக் கணக்கிடலாம். லாரி நீருக்கும், பிளீச்சிங் பவுடர் போட்ட சம்ப் நீருக்கும் இந்த ஊகம் செல்லாது. நல்ல பிளீச்சிங் பவுடரில் எடையில் 30 சதவீதத்துக்கு மேல் குளோரின் கிடைக்கும். 1000 லிட்டருக்கு 2.5 கிராம் என்ற சரியான அளவில் போட்டால் 0.75 மி.கி. வரும். ஆனால் சம்ப்பில் யாரும் தராசு வைத்துப் போடுவதில்லை. 5000 லிட்டர் சம்ப்பில் ஒரு கைப்பிடி, அதாவது 100 கிராம் விழுந்தால் லிட்டருக்கு 6 மி.கி. அதோடு கரையாத சுண்ணாம்பு வெள்ளை மண்டியாகச் சம்ப்பின் தரையில் படிந்துகிடக்கும். மோட்டார் அடிமட்டத்துத் தண்ணீரை இழுக்கும்போது அந்த மண்டியும் சேர்ந்து வரும். மேலே எடுத்துச் சோதித்த நீரில் தெரியாத குளோரின் வாளியில் வந்து நிற்கும். சம்ப்பில் பவுடர் போட்ட வாரம் மீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றாமல் இருப்பது நல்லது.

தயோசல்பேட் கரைசல்

மீன் கடைகளில் 'ஆன்டி குளோரின்' என்று விற்கும் சொட்டு மருந்துகளில் பெரும்பாலும் இருப்பது சோடியம் தயோசல்பேட். படிகமாக வாங்கினால் மிக மலிவு. வாங்கும்போது ஓர் எச்சரிக்கை: பழைய போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் இதை 'ஹைப்போ' என்பார்கள், துப்புரவுப் பணியில் இருப்பவர்களோ சோடியம் ஹைப்போகுளோரைட் திரவத்தை 'ஹைப்போ' என்பார்கள். முன்னது குளோரினை நீக்கும், பின்னது குளோரினேதான். கற்கண்டு போன்ற நிறமற்ற படிகம், வாடை கிடையாது என்றால் தயோசல்பேட். முழுப் பெயரை லேபிளில் படித்துவிட்டுக் காசு கொடுங்கள்.

100 கிராம் படிகத்தை, கொதிக்க வைத்து ஆறிய நீரில் கரைத்து மொத்தம் ஒரு லிட்டர் ஆக்குங்கள். இந்தக் கரைசலின் ஒரு மில்லியில் 100 மி.கி. இருக்கும். பழுப்பு நிறப் பாட்டிலில், வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். சில மாதங்கள் தாங்கும். கலங்கி வெண்மையானாலோ அடியில் மஞ்சள் தூள் படிந்தாலோ கந்தகம் பிரிந்துவிட்டது என்று பொருள், கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைக்கவும்.

ஒரு மி.கி. குளோரினுக்கு ஏழு மி.கி. படிகம் என்பது மீன் வளர்ப்பில் நம்பிப் பயன்படுத்தும் விகிதம். அப்படியானால் 100 லிட்டர் நீருக்கு, லிட்டரில் உள்ள ஒவ்வொரு 1 மி.கி. குளோரினுக்கும் இந்தக் கரைசல் 7 மில்லி வேண்டும். 2 மி.கி. குழாய் நீருக்கு 14 மில்லி. மேலே சொன்ன 6 மி.கி. சம்ப் நீருக்கு 42 மில்லி. வழக்கமான சொட்டு மருந்தை ஊற்றியும் மீன் செத்தது என்று சொல்லும் பல இடங்களில் கோளாறு இதுதான்: மருந்து வேலை செய்தது, ஆனால் மூன்றில் ஒரு பங்கு குளோரினோடு நின்றுவிட்டது.

ஊற்றும் முறை எளிது. பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் பிடித்து, சிரிஞ்சில் அளந்து கரைசலை ஊற்றி நன்றாகக் கலக்கவும். குளோரினோடு வினை நொடிகளில் முடியும். இருந்தாலும் ஏர் ஸ்டோன் போட்டு அரை மணி நேரம் விடுங்கள். குழாய் நீரில் அழுத்தத்தால் கரைந்திருக்கும் வாயுவும் வெளியேறும், வெப்பநிலையும் தொட்டியோடு ஒத்துவரும். பிறகு சோதியுங்கள். சிறிதளவு நிறம் தெரிந்தாலும் பாதி அளவு மருந்தை மறுபடி சேர்க்கவும். டிரம் இல்லாமல் குழாயை நேராகத் தொட்டிக்குள் விடுவதென்றால், புதிதாக வரும் தண்ணீருக்கு மட்டும் கணக்குப் போடக் கூடாது. முழுத் தொட்டியின் கொள்ளளவுக்கும் கணக்கிட்டு, குழாயைத் திறக்கும் முன்பே ஊற்றிவிட வேண்டும். குழாய் வாய்க்கு அருகே நிற்கும் மீனுக்குக் கலக்காத குளோரின் நேராகப் படும் என்பதால் தண்ணீரை மெதுவாக விடுங்கள். ஒரே நேரத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் மாற்றவும் வேண்டாம்.

இரவில் அவசரம், தயோசல்பேட் இல்லை என்றால் மருந்துக்கடையில் வைட்டமின் சி கிடைக்கும். ஒரு மி.கி. குளோரினுக்கு 2.5 மி.கி. அஸ்கார்பிக் அமிலம் போதும், 500 மி.கி. அளவு, லிட்டருக்கு 2 மி.கி. குளோரின் உள்ள 100 லிட்டர் நீரைச் சரிசெய்யும். சர்க்கரை, ஆரஞ்சு நிறம் சேர்த்த சப்பும் மாத்திரை வேண்டாம். பிஎச்-ஐச் சற்று இறக்கும் என்பதால் மென்னீர்த் தொட்டிகளில் பார்த்துப் போடவும்.

'ஒரு நாள் வைத்திருந்தால் போய்விடும்'

அகலமான பாத்திரம், ஆழம் குறைவு, நேரடி வெயில், ஏர் பம்ப் எல்லாம் சேர்ந்தால் உண்மைதான். சூரிய ஒளி குளோரினைச் சிதைக்கும். மூடிய டிரம்மில், நிழலில், அசையாமல் கிடக்கும் தண்ணீரில் இரண்டு நாள் ஆனாலும் மிச்சம் இருக்கலாம். அந்த மிச்சம் கிட்டில் தெரியாத அளவாகவும், மீனுக்கு அதிகமாகவும் இருக்கும் என்பதுதான் சிக்கல். ஊற வைத்த தண்ணீரிலும் சிறு அளவு தயோசல்பேட் சேர்த்துவிடுங்கள்.

குளோரமைனுக்கு இந்தக் கதையே பொருந்தாது. தண்ணீரில் ஏற்கெனவே அமோனியா இருந்து அதில் குளோரின் விழுந்தால் இரண்டும் சேர்ந்து குளோரமைன் ஆகும். கழிவுநீர் கசியும் கிணறு, பாசி பிடித்த தொட்டி ஆகியவற்றின் நீரில் தானாகவே உருவாகும். சில நாட்டு நகரங்களில் வேண்டுமென்றே சேர்க்கிறார்கள். இது வெயிலுக்கும் காற்றுக்கும் எளிதில் போகாது, நாள் கணக்கில் நிற்கும். செவுளைத் தாண்டி இரத்தத்துக்குள் நுழைந்து, ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாத வடிவத்துக்கு மாற்றிவிடும். இறந்த மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தால் இரத்தச் சிவப்புக்குப் பதிலாகக் காபி நிறம் தெரியும்.

கண்டுபிடிக்க, ஆர்த்தோடாலிடின் சேர்த்த உடனே வரும் நிறத்தைக் குறித்துக்கொண்டு ஐந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். உடனே வருவது தனிக் குளோரின். பிறகு மெல்ல அடர்வது குளோரமைன். தயோசல்பேட் அதையும் உடைக்கும், ஆனால் அமோனியாவைத் தண்ணீரில் விட்டுவிடும். குளோரின் கணக்கில் 3 மி.கி. வரும் குளோரமைனை உடைத்தால் ஏறத்தாழ 0.6 மி.கி. அமோனியா நைட்ரஜன் மிஞ்சும். நம் ஊர் வெப்பத்தில், 30 டிகிரியில், பிஎச் 7 என்றால் அதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான் நஞ்சான வடிவில் இருக்கும். பிஎச் 8 என்றால் ஏழு சதவீதத்துக்கு மேல், 8.5 என்றால் ஐந்தில் ஒரு பங்கு. உப்புக் கடுமையான ஆழ்துளைக் கிணற்று நீரோடு கலந்து வைத்திருப்பவர்களுக்கு இதுவே ஆபத்து. இங்கே அமோனியாவையும் பிணைக்கும் என்று லேபிளில் எழுதிய கண்டிஷனர் வாங்க வேண்டும், நன்கு பழகிய ஃபில்டரும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

ஃபில்டர் பற்றி இன்னொன்று. ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து கழுவுவது மிகப் பரவலான தவறு. அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா குளோரினில் சாகும். தண்ணீர் மாற்றிய அன்று ஒன்றும் தெரியாது; இரண்டு மூன்று நாள் கழித்து அமோனியா ஏறி மீன் சாகத் தொடங்கும், தீவனத்தின் மேலோ நோயின் மேலோ பழி விழும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே ஸ்பாஞ்சைப் பிழியுங்கள்.

மீன் தவிக்கும்போது

தண்ணீர் மாற்றிய சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ மீன்கள் திடீரென்று பாய்வது, துள்ளுவது, மேற்பரப்பில் வாய் பிளப்பது, உடலில் வெண்சளி படர்வது, துடுப்பின் அடியில் இரத்தக் கோடு தெரிவது: இவை குளோரின் அடையாளம். ஆக்சிஜன் குறைவு என்றால் பெரும்பாலும் விடியற்காலையில் தெரியும், பெரிய மீன்கள் முதலில் தவிக்கும். குளோரினில் குஞ்சுகள்தான் முதலில் விழும்.

உடனே முழுத் தொட்டிக்கும் தயோசல்பேட் ஊற்றுங்கள். 162 லிட்டர் தொட்டிக்கு 25 மில்லி. ஏர் பம்ப்பை முழு வேகத்தில் விட்டு, இன்னொன்று இருந்தால் அதையும் போடுங்கள். லிட்டருக்கு 1 கிராம் கல் உப்பைத் தனியே கரைத்து மெதுவாகச் சேர்த்தால் செவுள் வழியே போகும் உப்பு இழப்பு குறையும். அதே குழாயிலிருந்து மறுபடி தண்ணீர் மாற்றுவதும், பதற்றத்தில் ஆன்டிபயாடிக் போடுவதும் மீதி மீனையும் கொல்லும். விளக்கை அணைத்து இரண்டு நாள் தீவனத்தை நிறுத்தி, தினமும் அமோனியா பாருங்கள். அமோனியா பிணைக்கும் கண்டிஷனர் போட்டிருந்தால் நெஸ்லர் வகைக் கிட் தவறாகக் காட்டும், சாலிசிலேட் வகைதான் வேண்டும்.

தயோசல்பேட்டுக்கு மசியாத மருந்துகள்

எல்லாக் கிருமிநாசினியையும் தயோசல்பேட் தீர்க்கும் என்ற நம்பிக்கை தவறு. தரை துடைக்கும் திரவங்களிலும், இறால் பண்ணைகளில் 'பிகேசி' என்று பயன்படுத்தும் மருந்திலும் உள்ள பென்சல்கோனியம் குளோரைடு, மீன் வகைகள் பலவற்றுக்கு லிட்டருக்கு 1 மி.கி.க்கும் கீழேயே கொல்லும் அளவை எட்டும். பெயரில் குளோரைடு இருந்தாலும் இது குளோரின் கிடையாது, தயோசல்பேட் இதைத் தொடாது. தொட்டிக் கண்ணாடி, வலை, வாளி எதையும் இதில் கழுவக் கூடாது. தவறி விழுந்தால் செயற்படுத்திய கரியும், பழைய நல்ல நீரில் மீனை மாற்றுவதுமே வழி. தொழிற்சாலைகளின் குளிர்விப்புக் கோபுரத்தில் பாசிக்காகப் போடும் ஐசோதயசோலினோன், குளுட்டரால்டிஹைடு கலந்த நீரைக் குட்டைக்கோ வாய்க்காலுக்கோ திருப்பிவிடுவதும் இதே வகைத் தவறு; குளோரின் அளவு பூஜ்யம் என்ற அறிக்கை இவற்றைப் பற்றி எதுவும் சொல்லாது.

குளத்துப் பாசிக்குப் போடும் மயில்துத்தத்தின் (காப்பர் சல்பேட்) அளவு தண்ணீரின் காரத்தன்மையைப் பொறுத்தது. மொத்தக் காரத்தன்மையை 100-ஆல் வகுத்தால் வருவது லிட்டருக்குப் போட வேண்டிய மி.கி. காரத்தன்மை 50-க்குக் கீழே இருக்கும் மழைநீர்க் குட்டைகளில் போடவே கூடாது. பாசி முழுதும் ஒரே நாளில் செத்து அழுகினால் ஆக்சிஜனும் சரியும், ஆகவே குளத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் போடுங்கள். ஏசி இயந்திரத்திலிருந்து சொட்டும் நீர் செம்பு, அலுமினியச் சுருள்களின் மேல் வழிந்து வருவது. சுத்தமாகத் தெரிகிறதே என்று தொட்டியில் ஊற்ற வேண்டாம்.

பண்ணைக் குட்டையில் பிளீச்சிங் பவுடர்

வளர்ப்பு மீனுக்கு இடையூறான களை மீன்களை அழிக்க, ஒரு மீட்டர் ஆழமுள்ள ஒரு ஹெக்டேர் குளத்துக்கு 350 கிலோ பவுடர் என்பது நடைமுறை அளவு. லிட்டருக்கு ஏறத்தாழ 10 மி.கி. குளோரின் வரும். 100 கிலோ யூரியாவை முந்தைய நாள் போட்டுவிட்டு மறுநாள் 175 கிலோ பவுடர் போடும் முறையும் உண்டு. பாதிப் பவுடரில் வேலை முடிவதற்குக் காரணம், யூரியா தரும் அமோனியாவோடு குளோரின் சேர்ந்து உருவாகும் குளோரமைன்தான். ஆகவே இந்த முறையைப் பின்பற்றிய குளத்தில் தனிக் குளோரினை மட்டும் சோதித்துவிட்டுக் குஞ்சு விடக் கூடாது, குளோரமைனையும் சேர்த்த மொத்தக் குளோரினையும் பார்க்க வேண்டும்.

பழைய பவுடர் ஈரத்திலும் வெயிலிலும் வலுவிழந்திருக்கும். கட்டியாகி, கார வாடை குறைந்த மூட்டையை நம்பி அளவைக் கூட்டாதீர்கள், புதியது வாங்குங்கள். பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, காற்று வரும் பக்கம் முதுகு காட்டி நின்று, கையுறையும் முகக்கவசமும் அணிந்து தெளிக்கவும். கழிப்பறை ஆசிட் பட்ட வாளியில் கரைத்தால் குளோரின் வாயு கிளம்பும்.

நஞ்சு இறங்க ஏழெட்டு நாள் ஆகும். அதன் பிறகும் நேரடியாகக் குஞ்சு விடாமல், குளத்துக்குள் ஹாப்பா எனும் பெட்டி வடிவ வலையைக் கட்டி அதில் பத்துப் பதினைந்து குஞ்சுகளை விட்டு 24 மணி நேரம் கவனியுங்கள். வலையின் அடி குளத்தின் தரைக்கு அருகில் இருக்கட்டும், பவுடரின் மண்டி அங்கேதான் கிடக்கும். ஒன்றிரண்டு செத்தாலும் இன்னும் மூன்று நாள் பொறுத்து, தரைச் சேற்றைச் சங்கிலி இழுத்துக் கலக்கிவிட்டு, மறுபடி அதே சோதனையைச் செய்யவும். குளம் தேறும் வரை மடையைத் திறக்காதீர்கள். கீழே இருக்கும் வாய்க்காலிலும் ஏரியிலும் மீன் உண்டு.